பட்டாணிக்கு இரும்புப் பந்தல்

வெல்டர் எதைச் செய்தாலும் கனமாகத்தான் செய்வார். அவர் செய்து மாட்டிய கேட்டைத் திறக்க வீட்டில் இரண்டு பேராவது வேண்டும். அவர் அடித்துக் கொடுத்த கோழிக்கூண்டைத் திருட வந்தவன் தூக்க முடியாமல் நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றும், கோழிகள் காலையில் அங்கேயே நின்று கூவிக்கொண்டிருந்தன என்றும் தெருவில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று அவரிடமே கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "இரும்புன்னா இரும்பா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் பட்டாணிக் கொடிக்குப் பந்தல் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

தெருவின் கடைசி வீடு அவருடையது. முன்னால் பட்டறை, நடுவில் வீடு, பின்னால் ஒரு துண்டு மண். அந்த மண்ணை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அதன் மேல் முழுக்கப் பழைய இரும்பு கிடந்தது. வளைந்த குழாய், ஒடிந்த ஜன்னல் கம்பி, யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போன மாடிப்படிக் கைப்பிடி. "எதுக்காவது தேவைப்படும்" என்று அவர் எடுத்து எடுத்துப் போட்டு வைத்தது.

அவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தையல்காரி அந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. அவளுக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. இரண்டு பேருக்குமே காதோரம் நரைத்துவிட்டது. அதுவரை அவள் ஒரு செருப்புக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்து, ஊருக்கெல்லாம் கல்யாணத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நமக்கு இவ்வளவுதான் என்று நினைத்துச் சமாதானமாகிவிட்ட காலத்தில்தான் தையல் மெஷினின் கால்மிதி இரண்டாக உடைந்தது. அதைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

"எப்ப வேணும்?" என்றார் வெல்டர், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"சீக்கிரம் கிடைச்சா நல்லா இருக்கும். ஒரு கல்யாணத் துணி பாதியில நிக்குது."

"கல்யாணம் நிக்கக்கூடாது," என்று சொல்லி, கையிலிருந்த கேட்டை அப்படியே போட்டுவிட்டு மிதியை எடுத்துக்கொண்டார். ஒட்டினார். ஒட்டியது போதாதென்று அடியில் ஒரு பட்டையைக் கொடுத்தார். பட்டை போதாதென்று குறுக்கே இரண்டு கம்பி. "இனிமே மெஷின் போனாலும் மிதி போகாது" என்று அவர் நீட்டியபோது அவளால் ஒரு கையால் வாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கெண்டைக்கால் வலிதான். ஆனால் அதை நீட்டியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிட்டாள், பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

கூலி வேண்டாம் என்றுவிட்டார். சும்மா போக மனம் வராமல் அவள் ஒரு நீலச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேச்சு வளர்ந்தது, டீ வளர்ந்தது, கடைசியில் வெல்டரின் அக்காவே வந்து பெண் கேட்டாள்.

அந்த அக்காவும் அதே வீட்டில்தான் இருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் அவள் பால் வாங்கப் போனால் போதும், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் பால் பொங்குவதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். கெட்ட மனசு கிடையாது, வாய் மட்டும் நிற்காது.

வெல்டர் நல்ல மனிதர். தட்டைத் தானே கழுவுவார், டீயைத் தானே போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு ஒரு துரைத்தனம் வரும். அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "அந்தச் சர்க்கரை டப்பாவ எடேன்", "அந்த ஜன்னலச் சாத்தேன்" என்று அவளை ஏவிக்கொண்டே இருப்பார். ஆறு நாள் உழைக்கிற மனிதர், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் சிரித்துக்கொண்டே செய்வாள்.

மெஷினைப் பின்பக்க ஜன்னலுக்கு அடியில் போட்டிருந்தாள். தைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால் எதிரே துருவேறிய இரும்புக் குவியல். ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இந்த ஜன்னல்ல பச்சையா ஏதாவது தெரிஞ்சா நல்லா இருக்கும்ல" என்றாள். வேண்டும் என்று கேட்டதுகூட இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அடுத்த விடுமுறையில் வெல்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அத்தனை இரும்பையும் ஏற்றிவிட்டார்.

அக்கா வாசற்படியில் நின்று வாயைப் பிளந்தாள். "எத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினேன், காதுலயே போட்டுக்கல. இவ ஒரு தடவை வாயைத் திறந்தா, வண்டி வந்து நிக்குது!"

"நீ கத்தின, அவ சொன்னா," என்றார் வெல்டர்.

விதைக்கடையில் குட்டைப் பட்டாணியா, ஏறுகிற பட்டாணியா என்று கேட்டார்கள். ஜன்னல் உயரம் வரவேண்டுமே, ஏறுகிறதையே வாங்கினாள். குளிர் விட்டும் விடாத நாட்கள். விதைகளை ஊறப்போட்டு, இரும்புத் தூள் கலந்த அந்த மண்ணைக் கொத்தி, குப்பை எருவைக் கலந்து, ஜன்னலுக்கு எதிரே நீளமாக ஒரு வரிசை போட்டாள். முளை எட்டிப் பார்த்ததும் குருவிகள் பிடுங்க வந்தன. அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சட்டி மூடியைத் தட்டித் தட்டிக் காவல் காத்தாள். குருவிகள் மூடிச் சத்தத்துக்குப் பயந்தனவா அவள் பேச்சுக்குப் பயந்தனவா தெரியவில்லை, வரிசை தப்பித்தது.

செடிகள் கணுக்கால் உயரம் வந்தபோது வெல்டர் பட்டறையின் பின்கதவைத் திறந்துகொண்டு பந்தலைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்று சொல்வதைவிட, எதிர்வீட்டுப் பேக்கரிக்காரரும் அவர் கடை ஆட்களும் சேர்ந்து தூக்கி வந்தார்கள், வெல்டர் வழி சொன்னார் என்பதே சரி. முழுக்கத் தண்ணீர்க் குழாய். ஒவ்வொன்றும் அவள் மணிக்கட்டை விடத் தடிமன். நெடுக்கில் குழாய், குறுக்கில் குழாய், எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சைப் பெயின்ட். உச்சியில் மட்டும் மெல்லிய கம்பியை வளைத்து ஒரு பெரிய ஊசி, அதன் காதில் கோத்து நெளிந்து தொங்குகிற நூல். எல்லாம் இரும்பில்.

"டேய் தம்பி, இது பட்டாணிக்கா, யானைக்கா?" என்றாள் அக்கா.

"காத்தடிச்சாச் சாயக்கூடாதுல்லக்கா."

"காத்தடிச்சா வீடு சாயும்டா. இது சாயாது."

பந்தலின் கால்களைக் குழிக்குள் இறக்கி, ஜல்லி சிமென்ட் போட்டு இறுக்கினார்கள். பேக்கரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "அண்ணே, நாளைக்கு நம்ம ஊருக்கு வெள்ளம் வந்தா எல்லாரும் இதைத்தான் பிடிச்சுக்கணும்" என்றார்.

வெல்டர் யாரையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "ஊசி நூல் எப்படி?"

ஊருக்கெல்லாம் அவள்தான் செய்து கொடுத்திருக்கிறாள், அவளுக்கென்று யாரும் எதையும் உட்கார்ந்து செய்ததில்லை. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்ததாகக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பட்டாணிதான் ஒத்துழைக்கவில்லை.

செடிகள் முழங்கால் உயரம் வந்தன, நுனியில் மெல்லிய சுருள் விரல்களை நீட்டின, குழாயைத் தடவின, வழுக்கின, அப்படியே மண்ணில் படுத்தன. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூட்டமாகப் படுத்தன. வெல்டர் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அங்கேதான் போய் உட்காருவார். "ஏறு கண்ணு, ஏறு. அப்பா எவ்வளவு அழகாப் போட்டிருக்கேன் பாரு" என்று கொஞ்சுவார். படுத்த கொடியைத் தூக்கிக் குழாயில் சாய்த்து வைப்பார். அவர் எழுந்து டீ குடிக்க உள்ளே வருவதற்குள் அது மறுபடி படுத்துவிடும்.

"பெயின்ட் வாசனை போகல. போனா ஏறிடும்" என்றார் முதலில். வாசனையும் போயிற்று. அப்புறம் ஒருநாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் யோசித்தார். "ஒருவேளை குழாய் சின்னதாப் போச்சோ? இன்னும் கொஞ்சம் தடிமனா நாலு போடட்டுமா?"

அவளுக்கு ரொட்டி தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அன்று அவர் பட்டறைக்குப் போனபிறகு அவள் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சுருள் விரலுக்குத் தன் சுண்டுவிரலைக் கொடுத்தாள். தொட்டது, விட்டுவிட்டது. சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே போய் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துவிட்டு வந்து பார்த்தால், அது நூலை வளைத்துப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். கைக்குழந்தை கையில் உலக்கையைக் கொடுத்தால் எப்படிப் பிடிக்கும்? அதற்கு வேண்டியது நூல், அவர் கொடுத்தது குழாய்.

சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். வாடிக்கைக்காரர்களிடம் "இந்தத் துணி உங்களுக்கு நிக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள்தான் அவள். ஆனால் இந்த மனிதர் சீட்டியடிக்க ஆரம்பித்ததே அந்தப் பந்தலைச் செய்யத் தொடங்கிய பிறகுதான். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்டதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். அதைத் தன் வாயால் நிறுத்துவதா? முடியாது. பொய் சொன்னாலும் பரவாயில்லை, அந்தச் சீட்டி நிற்கக்கூடாது.

நூல் பெட்டியைக் கவிழ்த்தாள். சாதாரணத் தையல் நூல் தண்டை அறுக்கும். திரைச்சீலை மடிப்புக்குப் போடுகிற பருத்திக் கயிறு இருந்தது, அதுதான் சரி. பச்சையிலேயே பல பச்சை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் வைத்துப் பார்த்தாள். ஒன்று வெளிறிப்போய்த் தெரிந்தது, ஒன்று கறுத்துத் தெரிந்தது. கடைசியாக எடுத்தது பெயின்ட்டோடு கலந்து காணாமலே போயிற்று. துணிக்குப் பொருத்தமாக நூல் எடுத்துப் பழகிய கண்ணல்லவா! மேல் குழாயிலிருந்து கீழ்க் குழாய்க்கு, இறுக்கமாக, நெருக்கமாக இழுத்துக் கட்டினாள். முடிச்செல்லாம் குழாயின் பின்பக்கம். வெல்டருக்கோ வெள்ளெழுத்து, அதற்கான கண்ணாடியைப் பட்டறையை விட்டு வெளியே கொண்டுவரமாட்டார்.

பாதி கட்டியபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னடி பண்றே?"

ரேடியோ. கையில் சட்டி மூடியோடு நின்றாள்.

தெருவிலேயே யாருக்குத் தெரியக்கூடாதோ அவளுக்கே தெரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தையல்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குனிந்து நூலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், நிமிர்ந்து உச்சியில் இருந்த இரும்பு நூலைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மேல நூலு போட்டவன் கீழ போடாம விட்டுட்டானே!"

"அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா முகம் விழுந்துடும்."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

"நீங்க எதைச் சொல்லாம இருந்திருக்கீங்க?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த விஷயம் என் வாயிலேர்ந்து வந்தா என் பேரு ரேடியோ இல்ல" என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டது என்று கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் திரிந்தாள். பால்காரர் பயந்துபோனார். தெருவே திரண்டு வந்து, பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி வற்புறுத்தியது. அவள் எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வேதனை அவளுக்குத்தான் தெரியும்.

பட்டாணி ஏறியது. எப்படி ஏறியது என்கிறீர்கள்! காலையில் ஒரு குழாய், மறுநாள் அடுத்த குழாய். இலைக்கு மேல் இலை மூடி நூலும் தெரியவில்லை, முடிச்சும் தெரியவில்லை. வெல்டர் எழுந்து வந்து பார்த்து, வீடு அதிரக் கத்தினார்.

"ஏய், இங்க வா! அக்கா, வா! ஏறிடுச்சு! நான் சொன்னேன்ல, வாசனை போனா ஏறிடும்னு?"

"ஆமா, நீங்க சொன்னீங்க," என்றாள் அவள்.

அக்கா கழுத்துத் துண்டால் வாயையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெள்ளைப் பூ பூத்தது. ஜன்னல் முழுக்கப் பூ. மெஷினில் உட்கார்ந்தால் துணியின் மேல் பச்சை நிழல் ஆடியது, கெண்டைக்கால் வலிகூட மறந்துபோயிற்று. பிஞ்சு வந்தது, பிஞ்சு தட்டையாகத் தொங்கியது, பிறகு உள்ளே மணி திரண்டு காய் பருத்தது. கீழிருந்துதான் முதலில் முற்றும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ள வேண்டும், இழுத்தால் கொடியே வந்துவிடும். முதல் நாள் பறித்ததை மூன்று பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து உரித்தார்கள். சட்டிக்குப் போனது பாதி, வாய்க்குப் போனது பாதி. மிச்சத்தை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வெண்ணெயும் மிளகும் போட்டு, சுடச்சுட ரொட்டியில் கொட்டித் தின்றார்கள். வெல்டர் விரலை நக்கிக்கொண்டு, "இரும்புல விளைஞ்ச பட்டாணி, ருசியே தனி" என்றார்.

அத்தோடு நின்றிருந்தால் அந்தப் பொய் அப்படியே கொடிக்குள் மூடிக் கிடந்திருக்கும். ஆனால் அழகான பொருள் என்றால் நாலு பேர் பார்க்கத்தானே செய்வார்கள். பேக்கரிக்காரர் வந்து பார்த்தார். தன் ரொட்டி வண்டியில் போகிற இடமெல்லாம் சொன்னார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெல்டர் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். வழக்கமாக நடக்கத்தான் செய்வார், அன்று ஓடி வந்தார்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்திருந்தாங்க. பசங்களுக்குத் தோட்டம் போடறாங்களாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாத்தி. எல்லாப் பாத்திக்கும் நம்ம பந்தல்தான் வேணுமாம்! நாளைக்குக் காலையில இங்க வந்து பார்த்துட்டு முடிவு சொல்றாங்க. திங்கக்கிழமை குழாய் வெட்ட ஆரம்பிச்சுடுவேன்."

"குழாயா?"

"பின்ன? இதே மாதிரி. பசங்க தொங்கினாலும் தாங்கணும்ல, இன்னும் கொஞ்சம் தடிமனாவே போட்டுடறேன்."

சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

அவள் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்துத் துண்டை அவிழ்த்தாள்.

"இத்தனை பாத்திக்கும் நீ போய்ப் பச்சை நூல் கட்டிட்டு வருவியா?"

"எப்படிக்கா முடியும்?"

"அப்போ அத்தனை குழந்தைங்க முன்னாடியும் பட்டாணி படுத்துக்கிடக்கும். அவன் நடுவுல நின்னு பெயின்ட் வாசனைன்னு சொல்லிட்டிருப்பான். ஊரே சிரிக்கும்டி." அக்காவின் குரல் இறங்கியது. "நான் சொல்லட்டுமா? நானும் வெடிச்சிடுவேன் போல இருக்கு."

"வேண்டாம்க்கா. நான்தானே கட்டினேன், நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். வெல்டர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, பந்தல் முன்னால் விறைப்பாக நின்றார். கீழே எல்லாம் பறித்தாகிவிட்டது, உச்சியில் இரும்பு ஊசிக்குப் பக்கத்தில்தான் நல்ல காய்கள் கொத்தாகத் தொங்கின.

"அந்த அம்மா வந்ததும் மேல இருக்கறதைப் பறிச்சுக் குடு. ஸ்டூலைக் கொண்டாந்து வெச்சுக்க," என்றார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இந்தப் பட்டாணி உங்க குழாயில ஏறல."

அவர் பந்தலைப் பார்த்தார். உச்சி வரை ஏறி, இடம் போதாமல் மேலே அலைந்துகொண்டிருந்த கொடியைப் பார்த்தார். "என்ன ஏறல? கண்ணு தெரியலயா உனக்கு?"

அவள் இலைகளை விலக்கினாள். "இங்க பாருங்க."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. படியில் உட்கார்ந்திருந்த அக்காவின் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவி மாட்டிக்கொண்டார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் நூலைத் தொட்டு, மேலே கொண்டுபோய், பின்பக்கத்து முடிச்சைத் தடவினார்.

"இது எப்போ கட்டினது?"

"நீங்க இன்னும் தடிமனாக் குழாய் போடட்டுமான்னு கேட்டீங்களே, அன்னைக்கு."

"அப்போ வாசனை..."

"வாசனை இல்லீங்க. அதுக்குக் கை சின்னது. குழாயைப் பிடிக்க முடியல. நூல் மாதிரி மெலிசா இருந்தாத்தான் பிடிக்கும்." இலைகளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அவ்வளவு ஆசையாச் செஞ்சீங்க, எனக்குச் சொல்ல மனசு வரல. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அதான் சொல்லிட்டேன்."

வெல்டர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பேச எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் மறுபடி குனிந்தார்.

"அடேயப்பா," என்றார் மெதுவாக. "இது ஸ்பிரிங்குடி."

"என்னங்க?"

"இந்தச் சுருளப் பாரு. பாதி இப்படிச் சுத்தியிருக்கு, நடுவுல திரும்பி மீதி அப்படிச் சுத்தியிருக்கு. இழுத்தா வருது, விட்டா உள்ள போகுது. காத்தடிச்சா அறாது. பட்டறையில இப்படி ஒரு ஸ்பிரிங் சுத்தணும்னா எனக்கு ஒரு நாள் ஆகும்." ஒன்றை விட்டு இன்னொன்றாக இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். "இத்தனை நாளா இது முன்னாடி உட்கார்ந்து கொஞ்சியிருக்கேன், ஒரு தடவைகூடச் சரியாப் பார்க்கலயே. அக்கா, இதைப் பார்த்தியா?"

"கண்ணாடிய நீ வெச்சுக்கிட்டு என்னைப் பாக்கச் சொல்றியே!"

அவர் நிமிர்ந்தார். முகம் விழுந்திருக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவின் கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற என்ன மறைச்சிருக்கே?"

அவள் பார்வை ஜன்னல் பக்கம், மெஷின் பக்கம் போய்விட்டு வந்தது.

"மிதியா?" என்றார் வெல்டர். "மிதிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் கனம்."

"எவ்வளவு கனம்?"

"ராத்திரி கால் வலிக்கும்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க குடுத்த அன்னைலேர்ந்து."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறி ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?"

"இந்தச் சட்டை," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்தச் சட்டை அக்குள்ல பிடிக்குதுடி. கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. நீ குடுத்த அன்னைலேர்ந்து."

அவள் அசந்துபோனாள். "பொய். என் கண்ணு அளவு தப்பவே தப்பாது."

"தப்பிடுச்சு."

சரிதான், அன்றைக்கு அவள் டேப் வைக்கவில்லை. முன்பின் பழக்கமில்லாத ஆண்பிள்ளை, மார்பைச் சுற்றி டேப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. கண்ணாலேயே அளவு எடுத்துத் தைத்துவிட்டாள். சர்க்கரை டப்பா, ஜன்னல், இப்போது இந்த ஸ்டூல் என்று ஞாயிற்றுக்கிழமைத் துரைத்தனம் எல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"அதுக்குத்தான் என்னை ஏவினீங்களா? சொல்லியிருக்கலாம்ல!"

"நீ சொன்னியா?"

அக்கா படியிலிருந்து எழுந்தாள். "நல்லா இருக்கு உங்க குடித்தனம்! ஒருத்தி கால் நோக மிதிக்கிறா, ஒருத்தன் கை தூக்காம உட்கார்ந்திருக்கான், நடுவுல நான் ஊமையாத் திரியறேன். இனிமே என்னால ஆகாது. சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது. வெல்டர் செய்த கதவு, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தார். உள்ளே வந்ததும் அந்த அம்மா பந்தலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எவ்வளவு அழகு! இப்படித்தான் வேணும் எங்க பசங்களுக்கு. இது முழுக்க உங்க வேலையா?"

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா," என்றார் வெல்டர். "சட்டம் நான், நூல் இவங்க. நான் போட்டதுல ஏறல, இவங்க கட்டினதுலதான் ஏறிச்சு. உங்களுக்கு வேணும்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம். குழாயும் இவ்வளவு தடிமன் வேண்டாம், பசங்களே தூக்கி வைக்கிற மாதிரி மெலிசாப் போட்டுத் தரேன்."

வெல்டர் வாயிலிருந்து மெலிசு என்ற சொல்லைக் கேட்டு, பேக்கரிக்காரர் தன் இடுப்பைத் தடவிக்கொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முதல்ல காயைத் தின்னு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே வெல்டர் உச்சிக் கொத்தை எட்டினார். ஸ்டூலை மறந்துவிட்டார், சட்டையையும் மறந்துவிட்டார். இரும்பு ஊசிக்கு மேல் கை போனது. டர்ரென்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து இடுப்பு வரை நீலச் சட்டை வாயைத் திறந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனை மாதங்களில் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமையில் கை தூக்கிய சந்தோஷம் அவருக்கு. காயைப் பறித்து, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு நீட்ட வேண்டியதை மறந்து, மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பிளந்து, மணிகளை உள்ளங்கையில் உதிர்த்து, பாதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தாள். பிறகு, எப்போதும் கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்தாள். அக்கா இருந்தாள், பேக்கரிக்காரர் இருந்தார், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கூச்சமாக இல்லை.

"கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்," என்றாள்.

வெல்டர் இரண்டு கையையும் தூக்கினார். இன்னொரு பக்கமும் கிழிந்தது.